பயம் சாட்சி சொல்லும்போது

2011ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தை இந்தச் சஞ்சிகையின் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அது நோன்பு மாதம். கிழக்கிலும் புத்தளத்திலும் பெண்கள் இரவுத் தொழுகைக்குப் போகப் பயந்து வீடுகளுக்குள் அடைந்துகிடந்த மாதம். உடம்பெல்லாம் கிறீஸ் பூசி, விரல்களில் இரும்பு நகம் மாட்டி, இருட்டில் வந்து பெண்களைக் கீறிவிட்டு ஓடிவிடுகின்ற ஒருவனைப் பற்றி நாடே பேசிக்கொண்டிருந்தது. பத்திரிகைகள் 'மர்ம மனிதன்' என்று எழுதின. சனங்கள் 'கிறீஸ் பூதம்' என்றார்கள்.

ஹப்புத்தளைப் பக்கத் தோட்டமொன்றில் பூதமென்று சந்தேகிக்கப்பட்ட இருவர் கொல்லப்பட்டனர். பொத்துவிலில் பொலிஸார் சுட்டதில் ஒருவர் இறந்தார். கிண்ணியாவில் மக்கள் கடற்படை முகாமுக்கு முன் திரண்டார்கள். புத்தளத்தில் 21ஆம் திகதி ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் கூட்டத்தின் கையில் உயிரிழந்தார். மறுநாள் இரவு யாழ்ப்பாணம் நாவாந்துறையில் சந்தேக நபர்களைத் துரத்திச் சென்ற மக்களுக்கும் இராணுவத்தினருக்கும் மோதல் மூண்டது. நள்ளிரவுக்குப் பிறகு வீடுகளுக்குள் புகுந்த படையினர் ஆண்களை வெளியே இழுத்துச் சென்று அடித்தார்கள். நூறு பேரளவில் கைதானார்கள்.

எங்கள் ஊருக்கும் பூதம் வந்தது. வந்ததென்று சொன்னார்கள்.

அந்த நாட்களில் எனக்கு முப்பது வயது கடந்திருந்தது. படிப்பிக்கத் தொடங்கிச் சில வருடங்கள்தான். ஒருநாள் மாலை, மைமல் நேரம், ஒழுங்கை முகப்பில் ஆட்கள் கூடி நின்றார்கள். நடுவில் ஒருவர். புத்தளத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் துணி மூட்டை கட்டிவந்து, பெட்ஷீற்றும் சாரமும் சீலையும் தவணைக்குக் கொடுக்கும் வியாபாரி. யாழ்ப்பாணத்திலே பிறந்து, பத்துப் பன்னிரண்டு வயதில் பெற்றோரோடு இங்கிருந்து வெளியேற்றப்பட்டவர். போர் முடிந்து பாதை திறந்தபின் வியாபாரத்துக்காக வந்து போய்க்கொண்டிருந்தார். எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். வருகிற வழியில் சைக்கிளின் சங்கிலி கழன்றுவிட்டிருக்கிறது. மதகடியில் குந்தியிருந்து அதைக் கொழுவிக்கொண்டிருந்தவரைப் பெடியள் பிடித்துவிட்டார்கள்.

"கையிலை கிறீஸ்!" என்று ஒருவன் கத்தினான். கிறீஸ்தான். சங்கிலி கொழுவுகிறவன் கையில் சந்தனமா இருக்கும்?

அவர் அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அது இரண்டாவது குற்றமாயிற்று. "ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்? ஆர் வரப்போகினம்?" என்று கேட்டு ஒருவன் அவருடைய சட்டையைப் பிடித்தான். அவர் நோன்பு திறக்கும் நேரத்தைப் பார்க்கிறார் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. முதற்கிழமைதான் அவரிடம் இரண்டு பெட்ஷீற் வாங்கியிருந்தேன். தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டியபோது, நோன்பு மாதம், மாஸ்டர், என்று சிரித்து மறுத்தவர் அவர். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற நான் வாய் திறக்கவில்லை. ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ. அந்த நேரத்தில் என் மனம் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை நேர்மையாகச் சொல்லவேண்டும். கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் பேசினால், உமக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று கேட்பார்களே, நாளைக்கு இந்த ஒழுங்கையால்தானே போய்வர வேண்டும் என்ற கணக்கு.

சத்தம் கேட்டு அயல்வீட்டு ஆச்சி படலையைத் திறந்துகொண்டு வந்தா. ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. "உவன் எனக்குச் சீலை தந்தவன். இன்னும் முந்நூறு ரூபா குடுக்கக் கிடக்கு. பேய் கடன் குடுக்குமோடா?" என்றா. யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சட்டையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. ஆச்சியின் கிணற்றடியில் சவுக்காரம் போட்டுக் கை கழுவி, அந்தக் கிணற்றுத் தண்ணீரிலேயே அவர் நோன்பு திறந்தார். சட்டையில் இரண்டு பொத்தான்கள் போயிருந்தன.

ஆச்சி படிக்காதவ. பூதம் உண்டென்று அன்றும் நம்பினா, சாகும்வரை நம்பினா. கூட்டத்திலோ என்னைச் சேர்த்து மூன்று ஆசிரியர்கள் இருந்தோம்.

இப்படியான பீதிகளுக்குக் காரணம் அறியாமை என்பது பள்ளிக்கூடத்தில் நாங்கள் சொல்லிக்கொடுக்கும் விடை. அந்த விடையில் எனக்கு நம்பிக்கை போனது அன்றுதான். அதன் பிறகு கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். வாசிக்க வாசிக்க ஓரூரின் கதைக்கே திரும்பத் திரும்ப வந்துசேர்ந்தேன். அமெரிக்காவில், மசாசூசெற்ஸ் குடியேற்றத்திலிருந்த சேலம். தமிழ்நாட்டுச் சேலமல்ல. வேதாகமத்திலிருந்து எடுத்த பெயர், உங்கள் 'ஸலாம்' என்ற சொல்லோடு வேர் பகிரும் பெயர். சமாதானம் என்று பெயரிட்ட ஊரில் 1692இல் பதினான்கு பெண்களையும் ஐந்து ஆண்களையும் சூனியக்காரர் என்று தூக்கிலிட்டார்கள். எண்பது வயதளவான ஒரு கிழவர் நீதிமன்றத்தில் வாதத்துக்கு உடன்பட மறுத்ததால், நெஞ்சில் பாறாங்கற்களை அடுக்கி நசுக்கப்பட்டு இறந்தார். சிறையில் செத்தவர்கள் வேறு. குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் நூற்றைம்பதுக்கும் மேல். அவர்களில் நாலைந்து வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். மாதக்கணக்கில் விலங்கிட்டுச் சிறையில் வைத்திருந்தார்கள்.

அங்கேயும் முதலில் எழுந்தது பிள்ளைகளின் அலறல்தான். ஊர்ப் போதகர் சாமுவேல் பரிஸின் ஒன்பது வயது மகளும், அவர் வீட்டில் வளர்ந்த இன்னொரு சிறுமியும் வலிப்புக் கண்டவர்போல் கத்தினார்கள். யார் உங்களை வருத்துகிறார்கள் என்று பெரியவர்கள் விடாமல் கேட்டார்கள். பெயர்கள் வந்தன. முதல் மூன்று பெயர்களைப் பாருங்கள். போதகரின் வீட்டு அடிமைப் பெண் ரிற்றுபா, ஊரில் பிச்சையெடுத்துத் திரிந்த ஒருத்தி, நெடுங்காலமாகத் தேவாலயத்துக்கு வராத ஒருத்தி. எந்த ஊரிலும் முதல் மூன்று பெயர்கள் இப்படித்தான் இருக்கும். கைகாட்டினால் ஏனென்று கேட்க ஆளில்லாதவர்கள்.

காரணம் என்னவென்று ஆராய்ந்தவர்கள் பலர். பொயரும் நிஸன்போமும் 1974இல் எழுதிய நூல், ஊருக்குள்ளிருந்த காணிப் பிணக்குகளையும், போதகரை ஆதரித்தோர் எதிர்த்தோர் என்ற கட்சிப் பிரிவினையையும் காட்டியது. 1976இல் ஒருவர், தானியத்தில் பிடித்த பூஞ்சணம் மூளையைக் குழப்பியது என்றார். அந்த விளக்கம் அதே ஆண்டிலேயே மறுக்கப்பட்டது. ஆனாலும் பலருக்கு இன்றுவரை அதுதான் பிடிக்கும். குற்றத்தைப் பூஞ்சணத்தின் தலையில் போடுவது வசதியல்லவா! எனக்கு நெருக்கமாகப் பட்டது மேரி பெத் நோர்ட்டன் 2002இல் வெளியிட்ட ஆய்வு. வடக்கு எல்லையில் பிரெஞ்சுக்காரரோடும் பூர்வகுடிகளோடும் அப்போது போர் நடந்துகொண்டிருந்தது. ஊர்கள் எரிந்தன. குற்றஞ்சாட்டிய பெண்பிள்ளைகளிற் சிலர் அந்தப் போரில் பெற்றோரையும் உறவினரையும் இழந்து அகதிகளாக வந்தவர்கள். போரை வெல்லமுடியாத தலைவர்களே நீதிபதிகளாகவும் இருந்தார்கள். காட்டிலுள்ள எதிரியைப் பிடிக்க இயலாதவர்களுக்கு, ஊருக்குள்ளே சாத்தானின் கையாட்கள் இருக்கிறார்கள் என்ற சேதி ஒருவகையில் ஆறுதலாயிருந்திருக்கும். யாழ்ப்பாணத்தவன் ஒருவனுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

ஆனால் இவையெல்லாம் பயத்துக்கான காரணங்கள். கொலைக்கான காரணம் இன்னும் வரவில்லை. சூனியத்தை நம்பாத ஊர் அன்று அங்கே இல்லை. 1692க்கு முன்பும் அயலவர்மீது சூனியக் குற்றம் சுமத்தினார்கள், வழக்கும் போட்டார்கள். பெரும்பாலான வழக்குகளில் சான்று போதாதென்று நீதிமன்றம் விட்டுவிட்டது. நம்பிக்கை முன்பும் இருந்தது, பின்பும் இருந்தது. அந்த ஆண்டு மட்டும் மாறியது என்ன?

சாட்சியம் மாறியது. 'இவளுடைய உருவம் இரவில் வந்து என்னைக் குத்தியது' என்று ஒருத்தி சொன்னால் அதை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்றுக்கொண்டது. அந்த உருவம் மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. அந்த நேரம் நான் வீட்டில் படுத்திருந்தேன் என்று குற்றஞ்சாட்டப்பட்டவள் சொல்லிப் பயனில்லை. உடம்பு வீட்டில் இருந்தாலும் உருவம் வந்திருக்கலாமே! மறுத்தால் பிடிவாதம். அழாவிட்டால் கல்நெஞ்சு. தலைமை நீதிபதி வில்லியம் ஸ்ரோட்டன் ஹார்வார்டில் படித்தவர். பிழை அறிவின் அளவில் இருக்கவில்லை. ஒருத்தி பயந்தாள் என்பது உண்மை. அவள் பயந்ததற்கு இவர்தான் காரணம் என்பது வேறொரு கூற்று. இரண்டுக்கும் இடையிலுள்ள வெளியை நீதிமன்றமே மண் போட்டு நிரவிவிட்டது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒப்புக்கொண்டவர்கள் தூக்கிலிருந்து தப்பினார்கள். தூக்கிலேறிய பத்தொன்பது பேரும் கடைசியில் மறுத்து நின்றவர்கள். பொய் சொன்னால் உயிர், மெய் சொன்னால் கயிறு. ரிற்றுபா முதலில் ஒப்புக்கொண்டாள். எசமான் அடித்துச் சொல்லவைத்தார் என்று பிறகு அவள் சொன்னதாகப் பதிவுண்டு. ஒப்புதல் பெருகப் பெருக, இவ்வளவு பேர் ஒப்புக்கொண்டபின் சூனியம் பொய்யாகுமா என்று ஊர் கேட்டது.

1692 ஒக்டோபரில் ஆளுநர் அந்த விசேட நீதிமன்றத்தைக் கலைத்தார். அதற்குள் அவருடைய மனைவியின் பெயரும் அடிபடத் தொடங்கியிருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அடுத்த ஆண்டு கூடிய புதிய நீதிமன்றம் உருவச் சாட்சியத்தை ஏற்கவில்லை. பெரும்பாலானோர் விடுதலையானார்கள், தண்டனை பெற்ற மூவரையும் ஆளுநர் காப்பாற்றினார். யாரும் சூனியத்தை நம்புவதை நிறுத்திவிடவில்லை. எங்கள் ஆச்சியைப் போலத்தான். பேயும் உண்டு, ஆனால் இவன் பேயல்ல, இவனுக்கு நான் முந்நூறு ரூபா கடன் என்று அவ சொன்னதற்குள் ஒரு நீதிமன்றத்தின் வேலை முழுவதும் இருந்தது.

கிறீஸ் பூதத்தைக் கொழும்பிலிருந்து பார்த்துச் சிரித்தவர்களோடு நான் சேரமாட்டேன். அந்தப் பயம் பொய்யல்ல. கஹவத்தைப் பக்கத்தில் 2008 முதல் பெண்கள் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்பட்டுக்கொண்டிருந்தது உண்மை. போர் முடிந்து இரண்டு வருடம். ஆண்துணை இழந்த பெண்கள் தனியே வாழ்ந்த வீடுகள் எத்தனையோ. எங்கள் ஊரில் மாவீரர் துயிலும் இல்லம் இருந்த நிலத்தில் 2011 தொடக்கத்தில் இராணுவத் தலைமையகம் எழுந்திருந்தது. துரத்தப்பட்டவன் முகாமுக்குள் ஓடி மறைந்தான் என்று ஊர் ஊராகச் சொன்னார்கள். முறையிடப் போனவர்களை விசாரிக்காமல் அடித்தது நாவாந்துறையில் நடந்தது. சேலத்தில் நீதிமன்றமே கூட்டமாக மாறியது. இங்கே நம்பிப் போக நீதிமன்றம் இல்லாததால் கூட்டம் நீதிமன்றமாயிற்று. ஆனால் இந்த நியாயம் எல்லாம் சேர்ந்தும், மதகடியில் சங்கிலி கொழுவிய மனிதனின் கையிலிருந்த கிறீஸை அவருக்கெதிரான சான்றாக்கிவிடாது.

பிறகு வந்த ஆண்டுகளில் என்ன நடந்ததென்பதை நான் உங்களுக்குச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போன்றது. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில், சாப்பாட்டில் கிடந்த மாக்கட்டியை மலடாக்கும் மாத்திரை என்றார்கள். கடையிலிருந்தவருக்குச் சிங்களம் சரியாக வராது. சுற்றி நின்ற கூட்டம் கேட்ட கேள்விக்கு அவர் ஓமென்று தலையாட்டியது ஒளிப்பதிவாகி நாடெங்கும் பரவியது. ரிற்றுபாவின் ஒப்புதல் வாக்குமூலத்தைக் கைத்தொலைபேசியில் பார்ப்பதுபோல் இருந்தது எனக்கு. அரச பகுப்பாய்வாளர் அது வெறும் மாப்பொருள் என்று அறிவிப்பதற்குள் பள்ளிவாசல் தாக்கப்பட்டுவிட்டது, அடுத்த வாரம் திகன எரிந்தது. 2019 மே மாதம் ஹசலக்கவில், சட்டையில் கப்பலின் சுக்கான் சக்கரப் படம் இருந்ததற்காக ஒரு பெண் தர்மசக்கரத்தை அவமதித்தார் என்று கைதாகிச் சிறை சென்றார். அதே மாதம், நாலாயிரம் சிங்களத் தாய்மாரை ஒரு வைத்தியர் இரகசியமாக மலடாக்கினார் என்று ஒரு நாளேடு முதற்பக்கத்தில் எழுதியது. மறுநாள் குருநாகல் வைத்தியசாலையின் வைத்தியர் ஷாபி கைதானார். பிள்ளைப்பேற்றைக் கெடுக்கிறாள் என்பது ஐரோப்பாவில் சூனியக்காரிமீது சுமத்தப்பட்ட மிகப் பழைய குற்றங்களில் ஒன்று. வெள்ளைக் கோட்டு அணிந்து அது குருநாகலுக்கு வந்துசேர்ந்தது. ஆதாரம் இல்லையென்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்துக்குச் சொன்னது, ஜூலை 25இல் அவருக்குப் பிணை கிடைத்தது. 2022இல் நாடு மருந்தில்லாமல் தவித்தபோது, தமக்குக் கிடைத்த நிலுவைச் சம்பளம் 26 இலட்சத்துக்கு மேற்பட்ட ரூபாவையும் மருந்து வாங்கவென அவர் கொடுத்துவிட்டார்.

செய்தி வந்தால் விசாரித்தறிய வேண்டும் என்பது பற்றி உங்கள் மார்க்கம் சொல்வதை உங்களுக்கே எடுத்துச் சொல்லும் தகுதி எனக்கில்லை. நான் பேசவேண்டியது என் பக்கத்தைப் பற்றி. இதுவரை எழுதியதெல்லாம் அதைத் தள்ளிப்போடுவதற்கோ என்றுகூட ஒரு சந்தேகம் வருகிறது.

1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு விடுதலைப் புலிகள் இரண்டு மணித்தியால அவகாசம் கொடுத்து வெளியேறச் சொன்ன நாள். அந்த மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அப்படி அனுப்பப்பட்டார்கள். எனக்கு அப்போது பத்து வயது. எங்கள் காலத்தில் சூனியக்காரி என்ற சொல்லுக்கு யாரும் பயப்படவில்லை. 'துரோகி' என்ற சொல்லுக்கே பயந்தோம். அந்தச் சொல்லுக்கும் உருவச் சாட்சியம் போதும். கொழும்புக்குப் போய்வருகிறான், சிங்களம் பேசுகிறான், யாரோடோ நின்று கதைத்தான். மறுத்தால் அது இன்னும் மோசம். ஒருவர் இருவர்மேல் வந்த சந்தேகம், கைக்குழந்தையும் கிழவியும் உட்பட ஒரு சமூகத்தின் மேலேயே விழுந்தது. சந்தேகம் உண்மையோ பொய்யோ என்ற விசாரணைகூட இங்கு பொருந்தாது. ஊரையே குற்றவாளியாக்கும்போது விசாரிக்க ஒருவருமில்லை.

சேலத்தில் ரெபெக்கா நர்ஸ் என்றொரு மூதாட்டி இருந்தார். எழுபத்தொரு வயது. அவர் நல்லவர், எங்களுக்குத் தெரியும் என்று அயலவர் முப்பத்தொன்பது பேர் கையொப்பமிட்டு மனுக் கொடுத்தார்கள். கையொப்பமிட்டவர் பெயரும் நாளைக்கு அந்தச் சிறுமிகளின் வாயில் வரலாம் என்று தெரிந்தே இட்டார்கள். அது அவரைக் காப்பாற்றவில்லை. ஜூலை 19இல் தூக்கிலிட்டார்கள். ஆனால் அந்த முப்பத்தொன்பது பெயர்கள் இருக்கின்றன. எங்கள் ஒழுங்கையில் 1990இல் அப்படியொரு கடதாசி எழுதப்படவில்லை. எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும், துப்பாக்கி யார் கையில் இருந்ததென்பதும் தெரியும். மதகடியில் அன்று ஒருவர் கையிலும் துப்பாக்கி இருக்கவில்லை. நான் அப்போதும் பேசவில்லை.

பழைய வழக்கை மீளத் திறக்க வயதெல்லை கிடையாது போலும். சேலம் வழக்குகளில் தண்டிக்கப்பட்டு, பெயர் நீக்கப்படாமலே விடுபட்டிருந்த எலிசபெத் ஜோன்சன் என்ற பெண்ணை 2022இல் மசாசூசெற்ஸ் சட்டசபை குற்றமற்றவர் என அறிவித்தது, 329 ஆண்டுகளுக்குப் பிறகு. அதற்காக மனு எழுதி முயன்றவர்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் அவர்களின் ஆசிரியையும். நானும் எட்டாம் வகுப்புக்குப் பாடமெடுக்கிறேன். 1990 ஒக்டோபரைப் பற்றி அந்த வகுப்பில் வாய்திறக்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு தையல் மெஷின் இருக்கிறது. கறுப்பு நிறம், காலால் மிதிப்பது. 1990 முடியும் தறுவாயில் அப்பா வாங்கிவந்தார். மிக மலிவு என்று அம்மா அயலில் சொன்னது நினைவிருக்கிறது. யாரிடம் வாங்கினார், யாருடையது என்று அப்பா சொல்லவில்லை, நானும் அவர் இருக்கும்வரை கேட்கவில்லை. பலகையின் அடிப்பக்கத்தில் பென்சிலால் எழுதிய சில அளவுக் கணக்குகள் உண்டு, எங்கள் வீட்டாரின் எழுத்தல்ல. என் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகளெல்லாம் அதில் தைத்தவை.

மதகடிச் சம்பவத்துக்குப் பிறகு நானா ஊருக்கு வரமாட்டார் என்றே நினைத்தோம். நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டு மாதத்தில் வந்தார். ஆச்சியிடம் முந்நூறு ரூபாவை வாங்கிக்கொண்டு, மெதுவாக எங்கள் படலைக்கு வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். மெஷின் விறாந்தையில்தான் இருந்தது. அவர் மூட்டையை அவிழ்ப்பதற்குள் நான் உள்ளே போய்ப் பெட்ஷீற் ஒன்றை எடுத்துவந்து அதன்மேல் விரித்து மூடினேன். அவரிடம் வாங்கியதுதான்.